புலுனியும் தெமலிச்சாவும்

கண்டியில் நான் வளர்ந்த வீட்டின் பின்புறத்தில் ஒரு பலாமரமும், அதன் கீழே சருகு மூடிய சிறு நிலமும் இருந்தன. காலை ஆறரை மணியளவில் மண்ணிறப் பறவைகள் ஏழெட்டு அங்கே ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். சருகைப் புரட்டும், ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும், இடைவிடாது கீச்சிடும். வேலிக்கு அப்பால் குடியிருந்த சிங்கள மூதாட்டி ஒருவர், முதல்நாள் சோற்றைத் தேங்காய்ச் சிரட்டையில் எடுத்துவந்து வைப்பார். "தெமலிச்சோ ஆவா" என்று தம் பேரப்பிள்ளைகளை அழைப்பார். தெமலிச்சாக்கள் வந்துவிட்டன என்பது பொருள். விடுமுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வரும் என் அம்மம்மா, அதே பறவைகளைப் பார்த்துப் "புலுனி வந்திட்டுது" என்பார். ஒரே வேலியின் இருபுறத்திலும் ஒரே பறவைக்கு இரண்டு பெயர்கள்.

சிறுவனாக இருந்த எனக்குப் 'புலுனி' என்ற பெயர் எந்தச் சங்கடத்தையும் தரவில்லை. 'தெமலிச்சா' என்ற பெயர்தான் தந்தது. சிங்களத்தில் தமிழரைக் குறிக்கும் சொல் 'தெமள'. பறவையின் பெயரிலும் அதே ஒலி காதில் விழுகிறது. பாடசாலை மைதானத்தில் நாங்கள் மூன்று நான்கு தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து நின்று உரக்கப் பேசினால், யாராவது ஒருவன் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பான். அதில் பெரும் பகை இருந்ததாக இன்று நான் எண்ணவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் அது சிறிய விடயமாகவும் இருக்கவில்லை.

இந்தப் பழைய நினைவை 2014ஆம் ஆண்டில் ஒரு தொலைபேசி அழைப்பு கிளறிவிட்டது. கொழும்பில் சிங்களப் பத்திரிகை ஒன்றில் பணியாற்றிய இளைய நண்பர் அழைத்தார். "அய்யே, வடக்கு மாகாண சபை தனக்கென்று ஒரு பறவையை அறிவித்திருக்கிறது. 'புலுனி' என்று போட்டிருக்கிறார்கள். அது என்ன பறவை?" என்று கேட்டார். "மல்லி, அது உங்கள் தெமலிச்சாதான்" என்றேன். மறுமுனையில் சிறிது நேரம் ஓசையே இல்லை. பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன். இருவரும் எதற்காகச் சிரித்தோம் என்பதை அன்று பேசிக்கொள்ளவில்லை. அதைத்தான் இங்கே எழுத முற்படுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் மாகாண சபைகள் 1987ஆம் ஆண்டின் இந்திய–இலங்கை உடன்படிக்கையின் விளைவாகப் பிறந்தவை. அவ்வாண்டு நவம்பரில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும் மாகாண சபைகள் சட்டமும் நிறைவேறின. ஒன்பது மாகாணங்களுக்கும் சபைகள் என்பது ஏற்பாடு. ஆனால் தனித்த வடக்கு மாகாணத்துக்கென ஒரு சபை தேர்தல் மூலம் அமைய 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த தேர்தலில் 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்றது. சி. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். விவசாயமும் சுற்றாடலும் பொ. ஐங்கரநேசனின் பொறுப்பில் வந்தன. அதே நாளில் கண்டியைத் தலைநகராகக் கொண்ட மத்திய மாகாணத்துக்கும் தேர்தல் நடந்தது என்பதையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த ஆண்டு, 2014இல், வடக்கு மாகாண சபை தனது மாகாணத்துக்கான இயற்கைச் சின்னங்களை அறிவித்தது. மரமாக மருது, விலங்காக ஆண் மான், பறவையாகப் புலுனி. வடக்குக்கு ஒரு பறவைச் சின்னம் என்பது முற்றிலும் புதிய எண்ணம் அன்று. போர்க்காலத்தில் விடுதலைப் புலிகள் செண்பகத்தைத் தேசியப் பறவையாகக் கொண்டிருந்தனர். செம்பழுப்புச் சிறகும் சிவந்த கண்ணும் கொண்டு, புதர்களுக்குள் தனியாகவோ இணையாகவோ திரியும் பறவை செண்பகம். மாகாண சபை அதை எடுத்துக்கொள்ளவில்லை. வாக்குப் பெட்டியின் வழியே வந்த ஒரு சபை, வேறொரு பறவையைத் தேர்ந்தது. அழகென்று எவரும் வருணிக்காத, முற்றத்தில் தத்தித் திரியும் புலுனியைத் தேர்ந்தது.

புலுனியைத் தமிழகத்து வாசகர்கள் தவிட்டுக்குருவி என்று அறிவார்கள். கூட்டமாகவே காணப்படுவதால் 'ஏழு சகோதரிகள்' என்ற பெயரும் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இனம் இது. 1845இல் ஜெர்டன் என்ற மருத்துவர் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். இலங்கையில் வாழும் புலுனி சற்று வேறுபட்டது என்று கண்டு, தப்ரபேன் என்ற தீவின் பழம்பெயரால் அதைத் தனிக் கிளையினமாக 1958இல் பெயரிட்டார் டில்லன் ரிப்ளி. ஆக, பாக்கு நீரிணையின் இரு கரைகளுக்கும் பொதுவான இனம். ஆனால் இந்தத் தீவுக்கென்று தனியான ஒரு கிளை. இலங்கைத் தமிழரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னால் நானும் ஏறத்தாழ இதைத்தான் சொல்வேன்.

இதன் வாழ்க்கை முறையும் கவனிக்கத்தக்கது. கூட்டம் தரையில் மேயும்போது ஒரு பறவை உயரத்தில் காவல் நிற்கும். பருந்தோ பூனையோ தென்பட்டால் குரல் கொடுக்கும். ஒரு சோடி இட்ட முட்டையில் பிறந்த குஞ்சுகளுக்குக் கூட்டத்தின் மற்றப் பறவைகளும் இரை கொண்டுவந்து ஊட்டும். சுடலைக்குயில் இதன் கூட்டில் களவாக முட்டையிடுவதும் உண்டு. அந்தக் குஞ்சையும் சேர்த்தே இவை வளர்க்கின்றன. புலுனியின் ஓயாத சத்தத்தை நாம் வெற்றிரைச்சல் என்று கொள்கிறோம். உண்மையில் அது, சிதறி மேயும் குடும்பம் ஒன்றை ஒன்று தொலைத்துவிடாமல் இருப்பதற்கான பேச்சு.

இனி அந்தப் பெயருக்கு வருகிறேன். சிங்களத்தில் 'தெமலிச்சா' என்பது புலுனிக்கு மட்டும் உரிய பெயரன்று. இந்தக் குடும்பத்துப் பறவைகள் பலவற்றுக்கும் அதுவே பொதுப்பெயர். அவற்றுள் ஒன்று 'ரத்து தெமலிச்சா', அதாவது சிவப்புத் தெமலிச்சா. உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை அது. சிங்கராஜக் காட்டில் பல இனப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து இரை தேடும் பெருங்கூட்டங்களை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகப் பதிவு செய்து வருகிறார்கள். அக்கூட்டங்களின் மையமாக இருந்து மற்றவற்றை இழுத்துச் செல்பவற்றுள் இந்தச் சிவப்புத் தெமலிச்சாவும் இரட்டைவால் குருவியும் முதன்மையானவை. தீவின் ஈரக்காட்டுக்கே உரிய, வேறு எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பறவை ஒன்று, தமிழரை நினைவூட்டும் பெயரைச் சுமந்துகொண்டு, எல்லா இனங்களையும் ஒன்றுசேர்த்துக் கூட்டிச் செல்கிறது. பெயர் வைத்த கிராமத்தவர்கள் என்ன எண்ணி வைத்தார்களோ, அந்தப் பெயர் அவமதிப்பாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேட்பவனின் காதும் சொல்பவனின் தொனியும் சேர்ந்துதான் அதை அவ்வாறு ஆக்குகின்றன. வேலிக்கு அப்பாலிருந்த மூதாட்டியின் வாயில் அது அன்பாக ஒலித்தது; மைதானத்தில் கேலியாக ஒலித்தது.

அப்படியானால் நாட்டுக்கென்று உள்ள பறவை எது? இலங்கையின் தேசியப் பறவை இலங்கைக் காட்டுக்கோழி, சிங்களத்தில் வளிகுகுளா. செம்மஞ்சள் உடலும், சிவந்த கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டும் கொண்ட சேவலை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 1831இல் லெசோன் என்ற பிரெஞ்சு அறிஞர் இதற்கு லஃபாயெத் என்னும் பிரெஞ்சுத் தளபதியின் பெயரைச் சூட்டினார். இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இது இயற்கையில் இல்லை. வில்பத்துவின் வறண்ட காட்டிலும் உண்டு. ஹோட்டன் சமவெளியின் குளிரிலும் உண்டு. அந்த வகையில் நல்ல தேர்வு என்றே சொல்வேன். அதை மாற்ற வேண்டும் என்பது என் வாதமன்று. ஆனால் ஒரு சின்னத்தை மாற்றுவது என்றாலே நாட்டுக்கு இழுக்கு என்று எண்ணுபவர்களுக்கு, கண்டியைச் சுற்றியே இரண்டு வரலாறுகள் இருக்கின்றன.

முதலாவது, கொடியின் வரலாறு. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானது. கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட, மதுரை நாயக்கர் வழிவந்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறைபிடிக்கப்பட்டு வேலூருக்கு நாடுகடத்தப்பட்டான். 1832இல் அங்கேயே மாண்டான். அவனது சிங்கக்கொடி இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டது. 1948 பெப்ரவரி 4ஆம் திகதி நாடு சுதந்திரம் பெற்றபோது ஏற்றப்பட்டது அந்தக் கொடியே. அதுவே அப்படியே தேசியக் கொடியாகலாமா என்ற கேள்வி எழுந்தது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் தலைமையில் அமைந்த குழுவில் ஜீ. ஜீ. பொன்னம்பலம், டி. பி. ஜாயா, செனட்டர் எஸ். நடேசன் ஆகியோரும் இருந்தனர். முஸ்லிம்களுக்காகப் பச்சையும் தமிழருக்காகச் செம்மஞ்சளுமாக இரண்டு பட்டைகள் சேர்க்கப்பட்டன. நடேசன் அதற்கும் உடன்படாமல் தமது மாற்றுக் கருத்தை எழுதிவைத்தார். மதுரை வழிவந்த மன்னனின் கொடியில் தமிழருக்கு எங்கே இடம் என்று பேரம் பேச வேண்டிவந்தது வரலாற்றின் விசித்திரம். எனினும், ஒரு பழம்பெரும் சின்னம் பேச்சுவார்த்தையின் மூலம் திருத்தப்பட்டது என்பதும் உண்மை.

இரண்டாவது, மலரின் வரலாறு. இது கண்டி நகரிலிருந்து நாலு மைல் தொலைவிலுள்ள பேராதனையோடு சேர்ந்தது. 1986இல் நில் மானெல் என்ற நீலோற்பலம் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. ஆனால் பாடநூல்களிலும் சுவரொட்டிகளிலும் காணப்பட்டது பெரும்பாலும் வேறொரு மலர். விகாரை வாசல்களில் விற்கப்படும், கருநீலமும் ஊதாவும் கலந்த, பகட்டான அல்லி அது. நம் நாட்டு நீலோற்பலம் வெளிறிய நீலம், அடக்கமானது. ஊதா நிறத்து அல்லி வெளியிலிருந்து வந்த இனக்கலப்பின் வழித்தோன்றல் என்பதையும், அது குளங்களில் பரவி உள்நாட்டு இனத்தோடு கலந்துவருகிறது என்பதையும் பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்களின் ஆய்வுகள் காட்டின. அதன் விளைவாக 2015இல் தேசிய மலரின் அடையாளமும் அறிவியற் பெயரும் அரசினால் திருத்தப்பட்டன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஒரு நாடு தன் மலர் என்று வேறொன்றைக் காட்டிக்கொண்டிருந்தது. உள்ளூரில் குளம் குளமாகச் சென்று பார்த்தவர்கள் அதைத் திருத்தினார்கள். அதனால் நாட்டின் பெருமை எதுவும் குறையவில்லை.

வெளிநாடுகளிலும் இத்தகைய மாற்றங்கள் நடந்திருக்கின்றன. இந்தியா 1963இல் மயிலைத் தேசியப் பறவையாக்கியது. அழிவை நோக்கிச் செல்லும் கானமயிலுக்கு அந்த இடத்தைக் கொடுத்தால் அதைக் காப்பாற்றலாம் என்று வாதாடினார் பறவையியல் அறிஞர் சாலிம் அலி. அவர் வாதம் எடுபடவில்லை. ஒன்றாக இருந்த ஆந்திரப் பிரதேசத்தின் பறவை பனங்காடை. 2014இல் தெலங்கானா பிரிந்தபோது, தசராவன்று அதைக் காண்பது நன்மை தரும் என்ற மக்கள் நம்பிக்கையோடு அப்பறவை தெலங்கானாவிடமே தங்கிவிட்டது. ஆந்திரம் 2018இல் கிளியைத் தன் பறவையாக அறிவித்தது. அமெரிக்காவின் தென் கரோலைனா, மொக்கிங்பேர்ட் என்ற பறவையை விட்டுவிட்டு 1948இல் கரோலைனா ரென் என்ற தன் பெயர் கொண்ட குருவிக்கு மாறியது. புளோரிடாவிலோ 1927இல் தேர்ந்த மொக்கிங்பேர்ட்டை மாற்றும்படி 1999இல் பாடசாலைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் மனுக் கொடுத்தார்கள். வேறு நான்கு மாநிலங்களும் அதே பறவையை வைத்திருக்கின்றன. எங்கள் மண்ணில் மட்டுமே வாழும் ஸ்க்ரப் ஜே எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். சட்டமன்றம் அன்று இணங்கவில்லை. அந்த ஸ்க்ரப் ஜேயும் புலுனியைப் போலவே, மூத்த பிள்ளைகள் இளைய குஞ்சுகளுக்கு இரையூட்டும் கூட்டுக் குடும்பப் பறவை என்பது ஒரு சுவையான ஒற்றுமை.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், சின்னம் தேர்வதில் இரண்டு வழிகள் தெரிகின்றன. அரிதானதைத் தேர்ந்து அதற்குக் காவல் தேடுவது ஒன்று. எல்லோருக்கும் தெரிந்ததைத் தேர்ந்து அதற்கு மதிப்புத் தேடுவது மற்றொன்று. வடக்கு மாகாண சபை இரண்டாவது வழியில் சென்றது. போரில் முற்றங்களை இழந்து, மீண்டும் முற்றம் கூட்டத் தொடங்கிய ஒரு மக்கள் கூட்டத்துக்கு, முற்றத்துப் பறவையே சின்னமானது பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. அத்துடன், சபையில் எவர் எண்ணியிருந்தாலும் இல்லாவிட்டாலும், தென்னிலங்கையிலும் மலைநாட்டிலும் கேலிக்குப் பயன்பட்ட ஒரு பெயரின் சொந்தக்காரப் பறவை அரசாங்க ஏட்டில் மரியாதையோடு ஏறியது. சிங்கள நண்பரின் சிரிப்புக்கும் என் சிரிப்புக்கும் காரணம் அதுவே என்று இப்போது புரிகிறது. அவர் சிறிது கூச்சத்தோடு சிரித்தார். நான் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்காகச் சிரித்தேன்.

காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் இல்லாத சபைக்குப் பறவை ஒரு கேடா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரு சபை தன் சூழலைத் தானே பார்த்து, தன் மொழியில் தானே பெயரிட்டு அறிவிப்பது சுயாட்சியின் மிகச் சிறிய, ஆனால் உண்மையான ஒரு செயல். கொழும்பிலிருந்து வரும் சுற்றறிக்கையில் புலுனி என்ற சொல் ஒருபோதும் இடம்பெற்றிருக்காது. உள்ளூரவர்கள் முடிவெடுத்தால்தான் உள்ளூர்ச் சொல் ஏட்டில் ஏறும். கண்டிக்கும் இது புதிய பாடமன்று. கொழும்போடு சேர்த்து இந்த நாட்டின் முதல் மாநகர சபைகளுள் ஒன்றாக 1865இல் உருவானது கண்டி மாநகர சபை.

வருந்தத்தக்கது என்னவென்றால், அந்தச் சிறிய செயலைச் செய்வதற்கும் பின்னர் ஆளில்லாமற் போனதுதான். 2013இல் ஒரே நாளில் தெரிவான வடக்கு, மத்திய மாகாண சபைகள் இரண்டின் பதவிக்காலமும் 2018 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் முறை பற்றிய சட்டச் சிக்கலில் அடுத்த தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. நிர்வாகம் ஆளுநர்களின் கைக்குச் சென்றது. கண்டியின் தமிழருக்கும் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் அதில் இழப்பு ஒன்றுதான். மாகாணப் பாடசாலைகள், மருத்துவமனைகள், வீதிகள் பற்றிக் கேள்வி கேட்க ஒரு மன்றம் இல்லாமற் போனதைவிடப் பறவை பெரிதல்ல. ஆனால் பறவையைக்கூடத் தேர முடியாத ஒரு மாகாணம் வேறெதைத் தேர்ந்துவிடும்?

என் யோசனை ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். காட்டுக்கோழி நாட்டின் பறவையாகவே இருக்கட்டும். புலுனி வடக்கின் பறவையாக இருக்கட்டும். கண்டியிலும் மாத்தளையிலும் நுவரெலியாவிலும் உள்ள பாடசாலைகளில், தமிழ், சிங்களப் பிள்ளைகளை ஒரு காலைப் பொழுதில் ஒன்றாக வெளியே அழைத்துச் சென்று, இந்தப் பறவைக் கூட்டத்தைக் காட்டி, இரு பெயர்களையும் இருவருக்கும் கற்பித்தால் போதும். ஒன்று காவல் நிற்க மற்றவை மேய்வதையும், யார் குஞ்சு என்று பாராமல் ஊட்டுவதையும் அவர்கள் தாமாகவே கண்டுகொள்வார்கள். அதைப் பார்த்த பிள்ளை அந்தப் பெயரை வசையாகச் சொல்லாது.

வேலிக்கு அப்பாலிருந்த மூதாட்டி காலமாகி ஆண்டுகள் பல. 1983 ஜூலையில், எங்கள் வீதியில் கூட்டம் வந்த இரவில், எங்களைத் தம் வீட்டு உள்ளறையில் இருத்திக் கதவைப் பூட்டிவிட்டு வாசலில் நின்றவர் அவர். மறுநாள் காலையிலும் சிரட்டையில் சோறு வைத்தார். பலாமரத்தின் கீழ் வந்திறங்கிய பறவைகளைப் பார்த்து, வழக்கம்போல உரக்கச் சொல்ல வாயெடுத்தவர், உள்ளே நாங்கள் இருப்பதை நினைத்தோ என்னவோ, சொல்லாமலே திரும்பி வந்தார். அவர் அன்று சொல்லியிருந்தாலும் எங்களுக்கு வலித்திருக்காது. அதை அவரிடம் சொல்லாமலே இருந்துவிட்டேன்.